26 விட்டாங்க, 4 விழுந்துச்சா? காலிபர் கணக்கு இன்னும் முடியாத கதை

2015 அக்டோபர் 7. அன்னிக்கு புதினுக்கு 63வது பொறந்தநாள். சோச்சியில டிவி கேமரா முன்னாடி பாதுகாப்பு அமைச்சர் செர்கேய் ஷொய்கு அவர்கிட்ட ரிப்போர்ட் பண்றாரு: காஸ்பியன் கடல்ல இருந்த நாலு கப்பல்ல இருந்து 26 காலிபர் க்ரூஸ் மிஸைல் (குட்டி விமானம் மாதிரி தாழ்வா பறந்து போய் அடிக்கற ஏவுகணை) விட்டோம், சிரியாவுல 11 இலக்கு, எல்லாமே காலி, பொதுமக்கள் யாருக்கும் எதுவும் ஆகல. அன்னிக்கே புதின் ஐஸ் ஹாக்கி ஆடி 7 கோல் வேற போட்டாரு (எதிர் டீம் கோல்கீப்பர் பாவம், அவர்தான் என்ன பண்ணுவாரு). மறுநாள் அமெரிக்காவுல சிஎன்என் ஒரு செய்தி போடுது. பேர் சொல்லாத ரெண்டு அதிகாரிகளை வச்சு, அந்த 26ல குறைஞ்சது நாலு சிரியா போய் சேரவே இல்ல, வழியில ஈரான்லயே விழுந்துடுச்சுன்னு. எந்த ஊர், எந்த மலை, அதெல்லாம் செய்தியில இல்ல. ஆள் சேதம் இருக்கலாம்னு ஒரு அதிகாரி சொல்றாரு, அது இன்னும் தெரியலன்னு இன்னொருத்தர் சொல்றாரு.

ரஷ்ய பாதுகாப்பு அமைச்சகத்தோட செய்தித் தொடர்பாளர் கொனஷென்கொவ் உடனே மறுத்துட்டாரு. சிஎன்என் மாதிரி பேர் இல்லாத ஆளுங்களை வச்சு நாங்க பேசறதில்ல, கிளம்பறதையும் காட்டறோம் அடிக்கறதையும் காட்டறோம்ங்கிற தோரணையில. ஈரான் பக்கத்துல இருந்தும் மறுப்பு வந்துச்சு, இதெல்லாம் மேற்கத்திய மனோவியல் போர்னு.

இந்த ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கிட்டு நான் பல வருஷமா நண்பர்களோட சண்டை போட்டிருக்கேன். ஒரு குரூப்புக்கு ரஷ்ய ஆயுதம்னா டப்பா, இன்னொரு குரூப்புக்கு ரஷ்ய ஆயுதம்னா தெய்வம். ரெண்டு பேருமே அந்த 4/26 கணக்கைத்தான் தூக்கிட்டு வருவாங்க, ஒருத்தர் "பாத்தியா விழுந்துச்சு"ன்னு, இன்னொருத்தர் "சிஎன்என் புளுகுச்சு"ன்னு. அதனால இதை ஒரு தடவை நிதானமா உக்காந்து பிரிச்சு பாத்துடலாம்.

முதல்ல கப்பலுங்க. தாகெஸ்தான்னு ஒரு கெப்பார்ட் ரக கப்பல், கூட க்ராத் ஸ்வியாஷ்ஸ்க், உக்லிச், வெலிகி உஸ்த்யுக்னு மூணு புயான்-எம் ரக சின்னக் கப்பல். சின்னதுன்னா நிஜமாவே சின்னது, ஒரு புயான்-எம் கப்பலோட எடை ஆயிரம் டன்னைக் கூட தொடாது. ஆனா அதுல எட்டு ஏவு குழாய் இருக்கு. நாலு கப்பலுக்கும் எட்டு எட்டு, மொத்தம் 32. அதுல 26 போயிருக்கு. மேற்கத்திய நிபுணர்களுக்கு அன்னிக்கு கிடைச்ச நிஜமான ஷாக் இதுதான், விழுந்துச்சா விழலையாங்கறது ரெண்டாம்பட்சம். ஏன்னா இந்த காலிபர் குடும்பத்தோட ஏற்றுமதி மாடல் இருக்கே, கிளப்னு பேரு, அதோட ரேஞ்ச் 300 கிலோமீட்டருக்குள்ள. ஏவுகணை தொழில்நுட்பத்தை கட்டுப்படுத்த நாடுகளுக்குள்ள ஒரு ஏற்பாடு இருக்கு, 500 கிலோ சுமையை 300 கிலோமீட்டருக்கு மேல கொண்டு போற சரக்கை வெளியாளுக்கு விக்கறதுக்கு அது பெரிய முட்டுக்கட்டை. பல பேர் அந்த பிரோஷர்ல இருந்த நம்பரை பாத்தே ரஷ்யாவோட சொந்த சரக்கையும் மனசுல கணக்கு போட்டு வச்சிருந்தாங்க. அன்னிக்கு திடீர்னு 1500 கிலோமீட்டர் தாண்டி போய் அடிச்சதும் கணக்கே மாறிப்போச்சு. இன்னொன்னு, தரையில இருந்து விடற 500 முதல் 5500 கிலோமீட்டர் ரக ஏவுகணைங்களை 1987 ஐஎன்எஃப் ஒப்பந்தம் தடை பண்ணி வச்சிருந்தது, கப்பல்ல இருந்து விட்டா அந்த தடை கிடையாது. சுத்தியும் நிலம் சூழ்ந்த ஒரு கடல்ல, யாரும் வந்து தொட முடியாத இடத்துல, சின்னக் கப்பல்ல வச்சு விடறாங்க. நல்லா யோசிச்சு செஞ்ச வேலை.

இப்ப வழி. காஸ்பியன்ல இருந்து சிரியாவுக்கு நேரா கோடு போட்டா துருக்கி குறுக்க வரும், அது நேட்டோ நாடு. அதனால ஈரான் வழியா, அப்புறம் இராக் வழியா சுத்தி விட்டாங்க. ரஷ்யத் தரப்பு சொன்ன கணக்குப்படி ஒவ்வொண்ணும் வழியில 147 தடவை திரும்பியிருக்கு, 80 மீட்டர்ல இருந்து 1300 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்கி போயிருக்கு. அந்த 147ங்கிற எண்ணை நான் முதல்ல படிச்சப்ப சிரிச்சுட்டேன், யாரு உக்காந்து எண்ணினாங்கன்னு. அப்புறம்தான் புரிஞ்சது, எண்ணவே தேவையில்ல, முன்கூட்டியே ப்ரோக்ராம் பண்ணி ஏத்துன திருப்பங்கள்தானே அது. அதாவது அது மிஸைல் நிஜத்துல என்ன பண்ணுச்சுங்கறதுக்கு ஆதாரமே இல்ல, மிஸைல்கிட்ட என்ன பண்ண சொன்னாங்கங்கறதுக்கு ஆதாரம். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப திரும்ப வரும்.

ஒரு க்ரூஸ் மிஸைல் எங்கெல்லாம் சொதப்பலாம்னு பாருங்க. குழாய்ல இருந்து திட எரிபொருள் பூஸ்டர் தள்ளி வெளிய வரணும். பூஸ்டர் எரிஞ்சு முடிஞ்சதும் கழண்டு விழணும். மடிச்சு வச்ச இறக்கை விரியணும். ஒரு குட்டி ஜெட் எஞ்சின் நடு வானத்துல ஸ்டார்ட் ஆகணும், நம்ம வீட்டு பைக் குளிர்காலத்துல காலைல ஸ்டார்ட் ஆகற மாதிரி நாலு தடவை கிக்கர் அடிக்க அங்க நேரம் கிடையாது, ஒரே சான்ஸ். அதுக்கப்புறம் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் அது தனியா பறக்கணும், சேட்டிலைட் சிக்னலையும் உள்ள இருக்கிற கைரோவையும் உயரமானியையும் நம்பி. இந்த பாதையில ஈரானோட வடமேற்கு பக்கம் முழுக்க மலை. ஒரு பள்ளத்தாக்குல இறங்கி அடுத்த முகட்டுல ஏறணும், ஏறறது ரெண்டு செகண்ட் லேட்டானா பாறையில போய் மோதும். டோமஹாக்ங்கிற தங்களோட க்ரூஸ் மிஸைலை விடற அமெரிக்கர்களும் பாதை திட்டம் போடறப்ப இந்த தரையில மோதற ரிஸ்க்கை தனியா கணக்கு பண்ணித்தான் சேர்த்துக்குவாங்க. ஆக "ஈரான் மலையில விழுந்துச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா, அது நடக்கவே முடியாத கதை கிடையாது. சொல்லப்போனா விழணும்னா விழறதுக்கு ரொம்ப பொருத்தமான இடம் அதுதான்.

இங்க ஒரு சின்ன கணக்கு. ஒவ்வொரு மிஸைலும் நூத்துக்கு 95 தடவை ஒழுங்கா போய் சேரும்னு வச்சுக்குவோம், அது ரொம்ப நல்ல சரக்கு. அப்படி இருந்தும் 26ம் ஒண்ணு விடாம போய் சேர்றதுக்கு வாய்ப்பு நாலுல ஒண்ணுதான். 85 சதவீதம்னு வச்சா, 26க்கு 26 வர்றதுக்கு வாய்ப்பு நூத்துல ஒண்ணரை, சராசரியா நாலு விழும். நாலு! சிஎன்என் சொன்ன அதே நம்பர். இதனால சிஎன்என் சொன்னது உண்மைன்னு ஆயிடாது. ஆனா முதல் தடவை நிஜப் போர்ல விட்ட ஒரு ஆயுதம், மலை வழியா, 1500 கிலோமீட்டர், அதுல 26க்கு 26ங்கறதுதான் உண்மையில பெரிய க்ளெய்ம். நாலு விழுந்துச்சுங்கறது சாதாரண க்ளெய்ம். நம்ம ஆளுங்க இதை தலைகீழா பாக்கறாங்க, நாலு விழுந்தா ரஷ்யாவுக்கு மானக்கேடுன்னும் விழலன்னா அமெரிக்காவுக்கு மானக்கேடுன்னும்.

சரி, ஆதாரம்னு என்ன இருக்கு? ரஷ்யா காட்டுன வீடியோவுல கப்பல்ல இருந்து நெருப்பு கக்கிக்கிட்டு கிளம்பறது அழகா இருக்கு. அப்புறம் ஒரு மேப் அனிமேஷன். அப்புறம் மேல இருந்து எடுத்த கருப்பு வெள்ளை வெடிப்புக் காட்சிங்க சில. கிளம்பினது 26ங்கறதை யாரும் சந்தேகப்படல. சேர்ந்தது 26ங்கறதுக்கு அந்த வீடியோ ஆதாரமாகாது. அமெரிக்க பக்கம் அதை விட மோசம், படமே இல்ல, மேப்பும் இல்ல, ரெண்டு ஆளோட வாய்வார்த்தை.

நடுவுல ஒரு சுவாரசியமான துண்டு. மேற்கு அசர்பைஜான்னு ஈரான்ல ஒரு மாகாணம், அதுல தகாப்னு ஒரு ஊர். அதுக்கு பக்கத்துல ஒரு கிராமத்துகிட்ட அடையாளம் தெரியாத பறக்கும் பொருள் ஒண்ணு விழுந்து வெடிச்சது, வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் உடைஞ்சுதுன்னு ஈரான் செய்தி நிறுவனமே சொல்லியிருக்கு, அதே நாள் வாக்குல. பறக்கும் தட்டு வந்து இறங்குச்சுன்னு நம்பணும்னா நம்பிக்கலாம். காஸ்பியன்ல இருந்து இராக் போற வழியில தகாப் எங்க இருக்குன்னு மேப்ல பாத்தா எனக்கு அப்படி நம்ப மனசு வரல. ஒண்ணாவது விழுந்திருக்கும்ங்கறது என் கணிப்பு. நாலுங்கற எண்ணுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன். ஏன்னா வெளியில இருந்து கண்காணிக்கிறவன் எண்ணறது எப்படின்னு யோசிங்க, ரேடார்லயோ சேட்டிலைட்லயோ ஒரு தடம் வரும், மலைக்கு பின்னாடி போகும், திரும்ப தெரியலன்னா விழுந்துடுச்சுன்னு குறிப்பான். அது விழுந்தும் இருக்கலாம், இவன் கண்ணுக்கு தப்பியும் இருக்கலாம். அந்த அதிகாரிங்க எதை வச்சு நாலுன்னு சொன்னாங்கன்னு ஒரு வரி சொல்லியிருந்தா இந்த சண்டையே வந்திருக்காது.

யாருக்கு என்ன லாபம்னும் பாக்கணும். ரஷ்யாவுக்கு அது விளம்பரம், உலகத்துக்கே காட்டற முதல் ஷோ. அமெரிக்காவுக்கு தன்கிட்ட முன்கூட்டி சொல்லாம விட்டுட்டானேன்னு எரிச்சல், ஷோவுல ஓட்டை போடணும். ஈரான்தான் தன் வான்வழியை திறந்து விட்டது, அதனால தன் ஊர் ஜனங்க தலையில விழுந்துச்சுன்னு ஒத்துக்க அவங்களுக்கு மனசு வராது. மூணு பேருமே பொய் சொன்னாங்கன்னு நான் சொல்லல, மூணு பேருக்கும் தனக்கு பிடிச்ச நம்பரை நம்பறதுக்கு காரணம் இருந்துச்சு.

இந்த கூத்து ரஷ்யாவோட மட்டும் முடியல. 1991 வளைகுடா போர்ல அமெரிக்கா 288 டோமஹாக் விட்டுச்சு. அதுல 282 ஒழுங்கா பறக்க ஆரம்பிச்சது, அதாவது 98 சதவீதம்னு பெருமையா அறிக்கை. "பறக்க ஆரம்பிச்சது"ங்கறதை கவனிச்சீங்களா? பூஸ்டர் கழண்டு எஞ்சின் ஸ்டார்ட் ஆகி க்ரூஸ் நிலைக்கு வந்துடுச்சு, அவ்வளவுதான். அந்த 98ஐ படிச்ச ஜனங்க 98 சதவீதம் அடிச்சுதுன்னு எடுத்துக்கிட்டாங்க. பல வருஷம் கழிச்சு 1997ல அமெரிக்காவோட சொந்த தணிக்கை அமைப்பே வந்து, கிளம்பினதை வச்சு அடிச்சதை சொல்லாதீங்க, போர்ல சொன்ன பெருமையெல்லாம் மிகைன்னு எழுதுச்சு. 2003ல திரும்ப சவூதியிலயும் துருக்கியிலயும் டோமஹாக் சிலது வழியில விழுந்து, அந்த வான்வழிப் பாதையையே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சாங்க. ஈரான்ல விழுந்தா ரஷ்ய டப்பா, சவூதியில விழுந்தா அது பேரு என்னவாம்?

கல்யாண வீட்டு கணக்கு மாதிரிதான் இது. பந்தி முடிஞ்சதும் சமையல்காரர் இலைக் கணக்கு சொல்வாரு, 620 இலை போட்டோம்னு. பொண்ணு வீட்டுக்காரர் சொல்வாரு, வந்ததே 500 பேருதான்யா. மொய் நோட்டை பிரிச்சா 340 பேரு. யாரும் பொய் சொல்லல, மூணும் மூணு வேற விஷயத்தோட எண்ணிக்கை. மிஸைலுக்கும் இப்படி கிளம்பினது, வழியில விழாம போனது, சுட்டு வீழ்த்தாம தப்பிச்சது, குறிச்ச இடத்துல விழுந்தது, அந்த குறிச்ச இடமே சரியான இடமாங்கறதுன்னு தனித்தனி இலை இருக்கு. செய்தியில வர்றது எப்பவும் "வெற்றி சதவீதம்"னு ஒரே ஒரு எண். எந்த இலையை எண்ணினாங்கன்னு கேட்டா பதில் வராது.

துல்லியத்துக்கும் இதே கதைதான். மூணு மீட்டர் துல்லியம்னு ரஷ்ய பக்கம் சொன்னாங்க. இந்த துறையில துல்லியம்னா வழக்கமா சொல்றது, விட்டதுல பாதி விழற வட்டத்தோட ஆரம். அதாவது மீதி பாதி அந்த வட்டத்துக்கு வெளியில, எவ்வளவு வெளியிலன்னு அந்த எண் சொல்லாது. வழியில மலையில மோதினது இந்த கணக்குலயே சேராது, ஏன்னா அது வந்து சேரவே இல்லையே. ஆக 26ல நாலு மலையில விழுந்து மீதி 22ம் கச்சிதமா அடிச்சிருந்தா, "மூணு மீட்டர்"ங்கறதும் உண்மை, "நாலு விழுந்துச்சு"ங்கறதும் உண்மை. ரெண்டு பேரும் நெஞ்சை நிமித்திக்கிட்டு சத்தியம் பண்ணலாம்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு? நவம்பர் 17ல டியு-160, டியு-95 குண்டுவீச்சு விமானங்கள்ல இருந்து க்ரூஸ் மிஸைல் விட்டாங்க, கேஎச்-101ங்கிற புது மிஸைல் முதல் தடவையா போர்ல இறங்குனது அன்னிக்குதான். நவம்பர் 20ல காஸ்பியன்ல இருந்து திரும்ப 18 காலிபர், 7 இலக்கு. அதே மாசம் 23ல இருந்து இராக் குர்திஸ்தானோட எர்பில், சுலைமானியா ஏர்போர்ட்டுங்களை ரெண்டு நாள் மூடினாங்க, தலைக்கு மேல மிஸைல் போகுதுன்னு. டிசம்பர்ல ரஸ்தோவ்-நா-தனூங்கிற நீர்மூழ்கி மத்திய தரைக்கடல்ல இருந்து காலிபர் விட்டுச்சு. (அந்த நீர்மூழ்கியோட கதை தனி. 2023 செப்டம்பர்ல செவஸ்தபோல்ல கப்பல் ரிப்பேர் பண்ற உலர் துறையில நின்னுட்டு இருக்கறப்ப அதுவே ஒரு க்ரூஸ் மிஸைல் தாக்குதல்ல அடிபட்டுச்சு. ரிப்பேர் பண்ணி திரும்ப இறக்குவோம்னு ரஷ்யா, அடுத்த வருஷம் திரும்ப அடிச்சு மூழ்கடிச்சுட்டோம்னு உக்ரைன், அதுலயும் ரெண்டு கணக்கு.) ஒரு ஆயுதம் முதல் தடவையே படுதோல்வின்னா அதே வழியில ஆறு வாரத்துல திரும்ப விட மாட்டாங்க. இதையும் சேர்த்துத்தான் பாக்கணும்.

நம்ம ஊரு பக்கம் ஒரு துண்டு இருக்கு, பல பேருக்கு ஞாபகம் இருக்காது. இந்திய கடற்படையோட சிந்துவிஜய் நீர்மூழ்கி ரஷ்யாவுல செவரட்வின்ஸ்க் துறையில மராமத்துக்கு போயிருந்துச்சு, அதுல இதே குடும்பத்து கிளப் மிஸைல் பொருத்தினாங்க. 2007 கடைசியில சோதனை விட்டா வரிசையா ஆறு ஃபெயில். நம்மாளுங்க சரி பண்ணி காட்டினாத்தான் எடுத்துக்குவோம், இல்லன்னா கப்பலே வேணாம்னு நின்னுட்டாங்க. 2008ல சரி பண்ணி சோதனை ஜெயிச்சப்புறம்தான் கப்பல் ஊருக்கு வந்துச்சு. எனக்கு இந்த சம்பவம் ரொம்ப பிடிக்கும், ஏன்னா இங்க பிரச்சாரமே இல்ல. காசு குடுத்து வாங்கறவன் பக்கத்துல நின்னு பாக்கறான், விழுந்தா விழுந்துச்சுன்னு எழுதறான், விக்கறவன் மறுக்க வழியில்லாம ரிப்பேர் பண்றான்.

2022க்கு வருவோம். உக்ரைன் போர் ஆரம்பிச்சு ஒரு மாசத்துல, மார்ச் கடைசியில, ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி போட்டுச்சு: ரஷ்யாவோட துல்லிய ஏவுகணைங்கள்ல சில ரகத்துக்கு தோல்வி 60 சதவீதம் வரை போகுதுன்னு அமெரிக்க மதிப்பீடு. விமானத்துல இருந்து விடற க்ரூஸ் மிஸைலுக்கு நாளைப் பொறுத்து 20ல இருந்து 60 வரைன்னு. ஆதாரம் எதுவும் தரல, எங்களால தனியா சரிபார்க்க முடியலன்னு ராய்ட்டர்ஸே எழுதிட்டாங்க. ஆனா ஊர் முழுக்க பரவினது "60" மட்டும்தான். "வரை" காணாம போச்சு, "சில ரகம்" காணாம போச்சு, "20"உம் காணாம போச்சு. 20க்கும் 60க்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு யோசிங்க. அஞ்சுல ஒண்ணு விழுந்தா கொஞ்சம் மோசமான சரக்கு, அஞ்சுல மூணு விழுந்தா குப்பைத் தொட்டி. தோல்வின்னா என்னன்னும் சொல்லல. கிளம்பலையா, கிளம்பி விழுந்துச்சா, அடிச்சும் வெடிக்கலையா?

அதுக்கப்புறம் ரெண்டரை வருஷம் கழிச்சு, 2024 ஆகஸ்ட்ல, உக்ரைன் தலைமைத் தளபதி சிர்ஸ்கி ரகம் ரகமா ஒரு கணக்கு வெளியிட்டாரு. இந்த மொத்த விவகாரத்துலயும் எனக்கு கிடைச்ச உருப்படியான தாள் அதுதான், எதிராளி வெளியிட்டதுன்னாலும். அதுல காலிபர் 894 வந்துச்சு, 443 வீழ்த்தினோம்னு இருக்கு, பாதி. கேஎச்-101, கேஎச்-555 சேர்த்து 1846 வந்துச்சு, 1441 வீழ்த்தினோம், 78 சதவீதம். கேஎச்-22, கேஎச்-32 ரகம் 362 வந்துச்சு, வீழ்த்தினது ரெண்டே ரெண்டு. தன் பக்கம் தோத்ததை இப்படி வெளிப்படையா சொல்றது போர் நேரத்துல சாதாரணமில்ல. ஏன்னா தினசரி அறிக்கைங்கள்ல வர்ற "பெரும்பாலானதை வீழ்த்திட்டோம்"ங்கற தொனிக்கும் இதுக்கும் ரொம்ப தூரம்.

ஆனா இங்கயும் இலைக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும். வீழ்த்தாம விட்ட 451 காலிபரும் குறியில விழுந்துச்சுன்னு அர்த்தமில்ல, சிலது வயல்ல விழுந்திருக்கும், சிலது ஜாமிங்ல, அதாவது சிக்னலை குழப்பி விட்டதுல, வழி தவறியிருக்கும். கிளம்பினதும் வெடிச்சு கடல்ல விழுந்தது இந்த 894லயே வந்திருக்காது, அதை உக்ரைன் ரேடார் பாத்திருக்கவே முடியாது. அப்புறம் காலிபரும் கேஎச்-101ம் ரெண்டுமே ஒலியை விட மெதுவா, தாழ்வா பறக்கற சரக்கு, ஒண்ணு பாதிதான் மாட்டுது இன்னொண்ணு முக்கால்வாசிக்கு மேல மாட்டுது. காலிபர் ஒசத்தின்னு முடிவுக்கு வந்துடாதீங்க. என் யூகம், கருங்கடல்ல இருந்து ஒடெசா மாதிரி கரையோர ஊருக்கு வர்றப்ப எச்சரிக்கை நேரம் கம்மி, கீவ் வரைக்கும் நாட்டுக்குள்ள ரொம்ப தூரம் பறந்து வர்றதுக்கு வழி நெடுக ஆள் நிக்கறாங்க. மிஸைலோட குணத்தை விட அது போற ஊரைப் பொறுத்த எண்ணா அது இருக்கலாம்.

அந்த கேஎச்-22 விஷயத்துல நடந்த ஒண்ணை சொல்லியே ஆகணும். 2023 ஜனவரி 14, நீப்ரோ நகரத்துல ஒன்பது மாடி குடியிருப்பு ஒண்ணோட ஒரு பகுதி மேல இருந்து கீழ வரைக்கும் இடிஞ்சுது, 46 பேர் செத்தாங்க. அன்னிக்கு ராத்திரியே உக்ரைன் அதிபர் அலுவலக ஆலோசகர் அரெஸ்தோவிச் ஒரு நேரலையில, நம்ம வான் பாதுகாப்பு சுட்டதால அது அங்க விழுந்துச்சுன்னு சொல்லிட்டாரு. ரஷ்யாவுக்கு வேற என்ன வேணும், பாத்தீங்களா அவங்களே சொல்றாங்கன்னு கிரெம்ளின் அதையே திருப்பி சொன்னுச்சு. ஆனா உக்ரைன் விமானப்படை சொன்னது வேற: இது கேஎச்-22, இதை சுடறதுக்கு எங்ககிட்ட ஆயுதமே இல்லன்னு. மூணு நாள்ல அரெஸ்தோவிச் மன்னிப்பு கேட்டு ராஜினாமா பண்ணிட்டாரு. அந்த மிஸைலை பத்தி தெரிஞ்சா புரியும், 1960கள்ல விமானந்தாங்கி கப்பலை உடைக்கறதுக்கு செஞ்சது, கிட்டத்தட்ட ஆறு டன் எடை, அதுல ஒரு டன் கிட்ட வெடிமருந்து தலை. அதோட ரேடார் கடல்ல ஒத்தையா நிக்கற பெரிய இரும்பை தேடறதுக்கு பழகினது. ஊருக்குள்ள விட்டா எதை பிடிக்கும்? "துல்லிய ஏவுகணை"ங்கிற பெட்டிக்குள்ள இதையும் கேஎச்-101ஐயும் சேர்த்து போட்டு ஒரு சராசரி சொல்றவங்க மேலதான் எனக்கு கோவம்.

அக்மத்தீத் சம்பவம் இதுக்கு நேரெதிர். 2024 ஜூலை 8 காலைல கீவ்ல இருக்கிற அந்த குழந்தைங்க ஆஸ்பத்திரி மேல விழுந்தது உக்ரைனோட நாசாம்ஸ் வான் பாதுகாப்பு ஏவுகணைன்னு ரஷ்யா சொன்னுச்சு. பக்கத்துல இருந்து எடுத்த வீடியோ இருக்கு. அதை நான் ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்தி பாத்தேன். நீளமான உடம்பு, நடுவுல இறக்கை, வயித்துக்கு கீழ தனியா தொங்கற எஞ்சின். கேஎச்-101க்கு கிளம்பினதும் எஞ்சின் உடம்புக்குள்ள இருந்து கீழ இறங்கி தொங்கும், நாசாம்ஸ் ஏவுகணைக்கு அப்படி தொங்கறதுக்கு எதுவுமே கிடையாது, அது மூணே முக்கால் மீட்டர் கூட வராத ராக்கெட், வெடிமருந்து தலை இருபது கிலோ சொச்சம். இதுல முழு பூசணிக்காயை சோத்துல மறைக்க முடியாது. ஐநா மனித உரிமை கண்காணிப்பாளர்களும் இடத்தை பாத்துட்டு, நேரடியா வந்து அடிச்ச ரஷ்ய ஏவுகணையா இருக்கவே வாய்ப்பு அதிகம்னு சொன்னாங்க. இங்க வேடிக்கை என்னன்னா, தன் மிஸைல் சரியா வேலை செஞ்சுதுன்னு எப்பவும் பெருமை பேசற பக்கம் அன்னிக்கு மட்டும் "அது எங்களுது இல்ல"ன்னு சொன்னுச்சு.

துண்டு, வரிசை எண், எஞ்சின் படம், இந்த மாதிரி கையில பிடிக்கக்கூடிய சமாச்சாரம் வந்தா மட்டும்தான் இந்த பஞ்சாயத்து நகருது. 2022 முழுக்க ரஷ்யாகிட்ட மிஸைல் தீர்ந்துபோச்சுன்னு வாராவாரம் கேட்டோம்ல? அந்த வருஷம் நவம்பர்ல நடந்த ஒரு தாக்குதலுக்கு அப்புறம் கீவ்ல கிடைச்ச கேஎச்-101 துண்டுங்களை ஆயுதத் தடம் தேடற ஒரு குழு ஆராய்ஞ்சுது. எண்ணை படிச்சா அதே வருஷம், பொருளாதாரத் தடை போட்டு பல மாசம் கழிச்சு செஞ்ச சரக்குன்னு தெரிஞ்சுது. ஆனா அதே மாசம் இன்னொன்னும் நடந்துச்சு, கீவ் வானத்துல வீழ்த்தின பழைய கேஎச்-55 சிலதை பிரிச்சா அணுகுண்டு இருக்க வேண்டிய இடத்துல சும்மா எடைக்கு ஒரு கட்டை வச்சிருந்தாங்க. அதாவது அடிக்கறதுக்காக விட்டதே இல்ல, வான் பாதுகாப்போட குண்டை வீணாக்க விட்டது. இதை வீழ்த்தினா அது உக்ரைனுக்கு வெற்றியா, குண்டு செலவானதால ரஷ்யாவுக்கு வெற்றியா? சதவீதத்துல அது ஒரு "வீழ்த்தப்பட்டது", அவ்வளவுதான்.

2022 டிசம்பர் 16 அன்னிக்கு ரஷ்யா உக்ரைன் மேல விட்ட மிஸைல்ல ஒண்ணு உக்ரைன்லயும் விழல, யாரும் வீழ்த்தவும் இல்ல. போலந்துக்குள்ள நுழைஞ்சு, கிழக்கு எல்லையில இருந்து பல நூறு கிலோமீட்டர் தாண்டி, பித்கோஷ்ச் நகரத்துக்கு பக்கத்துல ஜமோஷ்ச்ங்கிற கிராமத்து காட்டுல போய் சொருகிக்கிச்சு. நேட்டோ நாட்டோட நட்டநடுவுல, நாலு மாசத்துக்கு மேல, பனி பெஞ்சு உருகற வரைக்கும் அங்கயே கிடந்துச்சு. அடுத்த வருஷம் ஏப்ரல் கடைசியில குதிரையில போயிட்டிருந்த ஒருத்தர் கண்ணுல அது தற்செயலா பட்டுச்சு. அப்புறம் போலந்து பாதுகாப்பு அமைச்சர் ஒரு ஜெனரல் மேல பழி போட, ஜெனரல் நான் சொல்லிட்டேனேன்னு சொல்ல, அங்கயும் ரெண்டு கணக்கு ஆரம்பிச்சுது.